பிளைண்ட் ஸ்பொட் லைட் வேலை செய்யவில்லையா? சென்சர் வாங்க முன் வயரைப் பாருங்கள்

காலி வீதியில் இடப்பக்கத்தால் நுழைந்து வருகிற ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் சைட் மிரரில் சிறு மஞ்சள் லைட்டாகக் காட்டித் தருவது பிளைண்ட் ஸ்பொட் மொனிற்றர். அது பழுதானதும் பலர் நேரே பஞ்சிகாவத்தைக்குப் போய் பழைய சென்சர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பிழை வயரிலோ எர்த்திலோ (மைனஸ் இணைப்பிலோ) இருந்தால் அந்தக் காசு முழுவதும் வீண். சென்சரை மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

பின் பம்பரின் இரண்டு மூலைகளுக்கும் உள்ளே ஒவ்வொரு ரேடார் சென்சர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிளஸ், எர்த், தகவல் கொண்டுபோகும் கேன் வயர்கள் வருகின்றன. மிரர் லைட்டுக்கான வயர் கதவின் ரப்பர் குழாய் வழியே போகிறது.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீற்றர், ஹோல்டரோடு இரண்டு வயர் இணைத்த 21 வாட் சிக்னல் பல்ப், கொன்டாக்ட் கிளீனர், பிளைண்ட் ஸ்பொட் மொடியூலை (கட்டுப்பாட்டு யூனிட்டை) வாசிக்கக்கூடிய ஸ்கானர். எஞ்சின் கோட் (கார் பதிந்துவைக்கும் பிழை எண்) மட்டும் வாசிக்கும் மலிவான ரீடர் இதற்குப் போதாது.

படி 1: கழற்றாமல் பார்க்கக்கூடியவை

டாஷ்போர்டில் வரும் செய்தியை வாசியுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் காராக இருந்தால் போனில் படமெடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். "தற்காலிகமாக இயங்கவில்லை" என்றால் அனேகமாகச் சேறு, கடும் மழை, அல்லது பம்பர் மூலையில் ஒட்டிய ஸ்டிக்கர். துடைத்துவிட்டு ஓடிப் பாருங்கள்.

அடுத்து, சுவிட்ச் ஓன் செய்தவுடன் மிரர்களைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு மிரர் லைட்டும் ஒரு கணம் எரிந்து அணையும். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் நேரே படி 5க்குப் போங்கள். இரண்டும் எரிந்தபின் எச்சரிக்கை வந்தால் பிழை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான்.

படி 2: பற்றரி, கோட், பியூஸ்

ஓய்வில் 12.4 முதல் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹைபிரிட்டில் ரெடி நிலையில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பற்றரி சோர்ந்துபோனால் சம்பந்தமில்லாத பல மொடியூல்கள் ஒரே நேரத்தில் கோட் போடும். அவற்றின் பின்னால் அலைந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிறகு கோட்களை எழுதிவைத்து, அழித்து, ஓடிவிட்டு மீண்டும் வாசியுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான பிழை. யூ0232 என்றால் இடப்பக்க மொடியூலிடமிருந்து தகவல் வரவில்லை, யூ0233 என்றால் வலப்பக்கம். சென்சர் செத்துவிட்டது என்று இந்தக் கோட் சொல்லவில்லை. அதன் குரல் கேட்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சுவிட்ச் ஓனில் அதன் தலையிலுள்ள இரண்டு புள்ளிகளிலும் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். எரிந்திருந்தால் கூடிய அம்பியர் பியூஸ் போடவே கூடாது.

படி 3: பம்பருக்குள்ளே

பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு பம்பரை இறக்குங்கள். பார்க்கிங் சென்சர் வயர்களை இழுத்து அறுத்துவிடாமல் கவனம். ஹைபிரிட்டில் உயர் வோல்ட் போகும் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொட வேண்டாம்.

கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்னின் அடியில் ஊசிமுனை அளவு பச்சைத் தூள் தெரிந்தாலே போதும், ஈரம் உள்ளே போயிருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கரையோர உப்புக்காற்றிலும், கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வாகனங்களிலும் இதை எதிர்பார்த்தே தேடுங்கள். நீர் இன்சுலேஷனுக்குள்ளேயே ஊர்ந்து மேலேறும். அதனால் செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வயரை வெட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான சோதனை. பற்றரியை மாட்டி, சுவிட்சை ஓன் செய்து, கழற்றிய கனெக்டரின் பிளஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் பல்ப்பை இணையுங்கள். எது எந்தப் பின் என்பதை வயரிங் படத்தில் உறுதிசெய்த பிறகுதான். கேன் பின்களில் பல்ப் படவே கூடாது.

மீற்றர் இருக்கும்போது பல்ப் எதற்கு? பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரிலும் மீற்றர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. பல்ப் ஏறத்தாழ 1.75 அம்பியர் இழுக்கும். நலிந்த வயர் அதைத் தாங்காது. பல்ப் நன்றாக எரிந்தால், அதன் முனைகளில் வரும் வோல்ட் பற்றரியை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. மங்கினால் பல்ப்பின் எர்த் வயரை மட்டும் எடுத்து கார் பொடியின் (உடற்பகுதியின்) சுத்தமான இரும்பில் வையுங்கள். பிரகாசமானால் எர்த் பிழை, மாற்றமில்லாவிட்டால் பிளஸ் வயர் பிழை.

படி 4: கேன் வயர்கள்

பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, பிரதான கேன் வயர் இரண்டுக்கும் இடையே அளவிடுங்கள். 60 ஓம் சரி. 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. சில கார்களில் சென்சர் இரண்டும் தங்களுக்குள் தனி வயரில் பேசும், அதற்கு வயரிங் படத்தில் உள்ள அளவைப் பாருங்கள். சுவிட்ச் ஓனில் எர்த்தோடு அளந்தால் ஹை வயரில் 2.6 வோல்ட் அளவிலும் லோ வயரில் 2.4 அளவிலும் வரும்.

படி 5: கதவு

உதவிக்கு ஒருவரை வைத்து, லைட் எரிய வேண்டிய நேரத்தில் கதவுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை மெல்ல வளைத்து ஆட்டுங்கள். லைட் விட்டுவிட்டு மின்னினால் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கிறது. வெளியுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு மட்டும் முறிந்திருப்பதால், ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். முறிந்தது ரப்பர் போல நீளும்.

பொருத்தும்போது

வயரை முறுக்கி டேப் சுற்றுவது மழைக்காலம் தாண்டாது. சோல்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். கேன் வயர்களின் முறுக்கை 4 சென்ரிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் இரைச்சல் புகும்.

பம்பரை மாட்ட முன் அதன் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். டிங்கரிங் செய்து மூலையில் பள்ளம் நிரப்பும் பட்டியைத் தடிப்பாகப் பூசியிருந்தால் ரேடார் அலை ஒழுங்காக வெளியேறாது. வயர் எல்லாம் சரியாக இருந்தும் லைட் தப்பாக வேலை செய்யும். சென்சர் பிராக்கெட் வளைந்திருந்தாலும் அதே கதைதான்.

பிளஸ், எர்த், கேன் மூன்றும் சரியாக இருந்தும் அதே கோட் திரும்பி வந்தால் மட்டும் சென்சரைத் தேடுங்கள். பார்ட் நம்பர் பொருந்த வேண்டும். பல கார்களில் இடமும் வலமும் ஒன்றல்ல. மாட்டியபின் ஸ்கானரால் கலிபிரேட் செய்து, இரண்டு லேன் உள்ள வீதியில் ஓடி, மிரரை உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.