லண்டன் – ஏதென்ஸ்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

லண்டனில் காலை 10:00 மணிக்குக் கிளம்பும் விமானம் ஏதென்ஸில் பிற்பகல் 3:40-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது மாலை 4:30-க்குக் கிளம்பி 6:30-க்கு லண்டன். "போக கிட்டத்தட்ட அஞ்சே முக்கால் மணி நேரம், வர ரெண்டே மணி நேரமா?" என்று முதல்முறை டிக்கெட் எடுப்பவர்கள் குழம்புவது நியாயம்தான். ஒரு தாளும் போன் கால்குலேட்டரும் இருந்தால் போதும், தெளிந்துவிடும்.

முதலில் தூரம். சாலைக் கணக்கு இங்கே உதவாது. சாலை வழியாகப் போனால் 3,000 கிலோமீட்டரைத் தாண்டும். போன் வரைபடத்தில் லண்டன் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும்: 51.5, –0.1. ஏதென்ஸுக்கு 38.0, 23.7. முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை.

அட்சரேகை வித்தியாசம் 13.5. ஒரு டிகிரி சுமார் 111 கி.மீ. என்பதால் 1,499 கி.மீ. தீர்க்கரேகையில் கவனம் வேண்டும். லண்டனின் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால் கூட்ட வேண்டும்: 23.8. அதோடு, வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருகின்றன. அதனால் இரு ஊர்களின் சராசரி அட்சரேகையான சுமார் 45-க்கு காஸ் (cos) மதிப்பு எடுங்கள். 0.707 வரும். 0.525 வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

23.8 × 111 × 0.707 = 1,868. இனி பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: 1,499, 1,868 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,395 கி.மீ. உருண்டையான பூமிக்குரிய முறையான சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 2,390 வரும். இவ்வளவு எளிய கணக்கு இத்தனை நெருக்கமாக வருவது எனக்கு இன்றும் வியப்புதான்!

சரி, நேரம். சராசரியாக மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்தால் 3 மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் சேருங்கள். 3 மணி 40 நிமிடம். திரும்பும்போது சுமார் 4 மணி நேரம் ஆகும். 10 கி.மீ. உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும்.

அப்புறம் கடிகாரம். ஏதென்ஸ் லண்டனைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கோடைக்கால நேரத்துக்கு இரண்டு ஊர்களும் ஒரே நாட்களில், மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று, மாறுவதால் இந்த இடைவெளி ஆண்டு முழுக்க அப்படியே இருக்கும். 10:00-உடன் 3:40 கூட்டினால் 1:40. இன்னும் 2 மணி சேர்த்தால் டிக்கெட்டில் உள்ள அதே 3:40. திரும்பும்போது 4:30-உடன் 4 மணி கூட்டி, 2 மணியைக் கழியுங்கள்: 6:30.

லண்டனுக்கு ஒரே விமான நிலையம் இல்லை என்பதையும் பாருங்கள். ஸ்டான்ஸ்டட்டில் இறங்கினால் நகரத்துக்கு ரயிலில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏதென்ஸ் விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நகர மையத்திலுள்ள சின்டக்மா சதுக்கத்துக்குச் சுமார் 40 நிமிடம்.