குவேக் 3 கான்ஃபிக்: எழுதுவது ஒன்று, ஓடுவது வேறு

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியதும், குவேக் 3 அரீனா என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டத்தை ஆடுகிற பலர், அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை ஃபிரேம் (திரைப் படம்) என்று சொல்லும் 'காம்_மேக்ஸ்எஃப்பிஎஸ்' 144 என்று மாற்றிவிடுவார்கள். மானிட்டர் 144, ஆட்டமும் 144, கணக்கு நேராகத்தானே இருக்கிறது? ஆட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் ஓடுவது 166. போதாததற்கு, நேற்று வரை எட்டிய தாவல் இன்று நூலிழையில் தவறுகிறது.

மேலே போவதற்கு முன் ஒரு வார்த்தை. கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஃபைலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், அடிக்கோடு உட்பட.

அந்த 166 எங்கிருந்து வந்தது? 1999-ல் வெளிவந்த இந்த எஞ்சின் (ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரல்) நேரத்தை முழு மில்லிசெகண்டுகளில்தான் எண்ணும். 1000-ஐ நீங்கள் கொடுத்த எண்ணால் வகுத்து, தசமத்தை வெட்டி எறிந்துவிடும். 1000-ஐ 144-ஆல் வகுத்தால் 6.94. அதில் மிஞ்சுவது 6. ஆக ஒரு ஃபிரேமுக்கு 6 மில்லிசெகண்ட், விநாடிக்கு 166 ஃபிரேம். 120 என்று எழுதினால் 8.33, அதில் 8 மிஞ்சி 125 கிடைக்கும். 130 என்றால் 7, அதாவது 142.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் வீரரின் வேகமும் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றப்படுகிறது. புவியீர்ப்பு விநாடிக்கு 800 அலகு. 8 மில்லிசெகண்ட் ஃபிரேமில் அது 6.4 அலகு வேகத்தைக் குறைக்க வேண்டும். முழு எண்ணாக்கியதும் 6 மட்டுமே குறைகிறது. விநாடிக் கணக்கில் 750. புவியீர்ப்பு குறைந்ததால் தாவல் உயர்கிறது. 6 மில்லிசெகண்ட் ஃபிரேமில் குறைய வேண்டியது 4.8, குறைவதோ 5. விநாடிக்கு 833 ஆகிவிடுகிறது. தாவும் வேகம் 270 என்பதால், ஏட்டுக் கணக்குப்படி 800-ல் சுமார் 45.6 அலகு உயரம், 125 ஃபிரேமில் 48.6, 166 ஃபிரேமில் 43.7. க்யூ3டிஎம்13 வரைபடத்தில் மெகா ஹெல்த் என்ற பெரிய உயிர்ச்சக்திப் பொருளைத் தாவி எடுப்பவர்கள் 125-ஐப் பிடித்துத் தொங்குவது இதனால்தான். எல்லோருடைய நகர்வையும் ஒரே அளவு கால இடைவெளியில் கணக்கிடும் 'பிமூவ்_ஃபிக்ஸ்டு' சர்வரில் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் எழாது. மற்ற இடங்களில் மானிட்டர் எதுவானாலும் 125 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 125 கிடைக்க வேண்டுமானால் ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் 'ஆர்_ஸ்வாப்இண்டர்வல்' 0-வில் இருக்க வேண்டும். அது 1-ல் இருந்து மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ் என்றால், 125 என்று கல்வெட்டில் செதுக்கி வைத்தாலும் 60தான்.

நீங்கள் எழுதும் எண்ணை எஞ்சின் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நம்புவதுதான் கான்ஃபிக் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆணிவேர். ஏற்றுக்கொண்டதா என்று பார்ப்பது ரொம்ப எளிது. ஆட்டத்துக்குள் கட்டளை தட்டும் கன்சோலைத் திறந்து, பின்சாய்வுக் கோடு போட்டு, அமைப்பின் பெயரை மட்டும் தட்டுங்கள். இப்போதைய மதிப்பையும் இயல்பு மதிப்பையும் சொல்லும். அதில் நீங்கள் எழுதிய எண் இல்லையென்றால், உங்கள் வரி போய்ச் சேரவே இல்லை.

போய்ச் சேராததற்குப் பல சமயம் ஃபைலே காரணம். 'க்யூ3கான்ஃபிக்' என்ற ஃபைல் ஆட்டத்தின் சொந்தக் கணக்குப் புத்தகம். சேமிக்கக்கூடிய அமைப்பு ஏதாவது மாறினால் ஆட்டமே அதை முழுதாகத் திரும்ப எழுதிவிடும். அதில் நீங்கள் அழகாக எழுதிய குறிப்புகள், பிரித்த பத்திகள் எல்லாம் காலி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்திச் சேமித்தால் திருத்தமும் போகலாம். சிலர் இதற்கு மருந்தாக ஃபைலை 'ரீட் ஒன்லி' ஆக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிறகு மெனுவில் மாற்றும் எதுவும் நிற்காது, காரணம் மறந்துபோய் ஆறு மாதம் கழித்துத் தலையைச் சொறிவீர்கள். 'ஆட்டோஎக்ஸெக்' என்று தனி ஃபைல் வைத்துக்கொள்வதே நல்லது. ஆட்டம் தொடங்கும்போது க்யூ3கான்ஃபிக்கைப் படித்த பிறகு அதைப் படிக்கும், ஆகவே அதில் உள்ளதுதான் வெல்லும். ஆட்டம் அதன்மேல் எதையும் எழுதாது. ஒரே சிக்கல், அதில் உள்ள ஒன்றை மெனுவில் மாற்றினால் அடுத்த முறை பழையபடி திரும்பிவிடும். மாற்றத்தை ஆட்டோஎக்ஸெக்கிலேயே செய்ய வேண்டும்.

விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் வாலில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது. பாதி 'வேலை செய்யவில்லை' புகார்கள் இதிலேயே முடிந்துவிடும். இன்னொரு பாதி, மாட் (மற்றவர்கள் ஆட்டத்தை மாற்றி உருவாக்கிய வடிவம்) போட்டு ஆடுபவர்கள் மூல ஆட்டத்தின் 'பேஸ்க்யூ3' ஃபோல்டரில் உள்ள க்யூ3கான்ஃபிக்கைத் திருத்திக்கொண்டிருப்பது. மாட் ஓடும்போது ஆட்டம் படிப்பதும் எழுதுவதும் மாட்டின் ஃபோல்டரில்.

அப்புறம் எழுத்துப்பிழை. மதிப்பைக் கொடுத்துச் சேமிக்கவும் சொல்லும் 'செட்டா' கட்டளையை வரியின் முன்னால் போட்டுவிட்டால், பெயரைத் தப்பாக எழுதினாலும் எஞ்சின் கோபப்படாது. அந்தத் தப்பான பெயரில் புது அமைப்பு ஒன்றை உருவாக்கி, நீங்கள் கொடுத்த எண்ணை அதில் பத்திரமாக வைத்து, சேமித்தும் விடும். உண்மையான அமைப்பு பழைய எண்ணிலேயே இருக்கும். ஆகவே ஃபைலில் எழுதுவதற்கு முன்பே, 'செட்டா' இல்லாமல் கன்சோலில் தட்டிப் பாருங்கள். பெயர் தப்பென்றால் 'அன்நோன் கமாண்ட்' என்று முகத்துக்கு நேரே சொல்லும்.

நிறுத்தற்குறிகளும் காலை வாரும். அரைப்புள்ளி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் குறி. ஒரு கீயில் இரண்டு கட்டளைகளை பைண்ட் செய்யும்போது (அதாவது கீயோடு இணைக்கும்போது) இரண்டையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், முதலாவது மட்டும் கீயில் ஒட்டும், இரண்டாவது அந்த நொடியே ஓடிவிடும். பழைய மூல எஞ்சினில், இரட்டைச் சாய்வுக் கோட்டுக்குப் பின் எழுதும் குறிப்பிலும் அரைப்புள்ளி வரக் கூடாது. வந்தால் அதற்குப் பின்னுள்ள சொற்களைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் மேற்கோள் கிடையாது. அந்தத் தேவை வந்தால் உள்ளே வர வேண்டியதைத் தனிப் பெயரில் வைத்து, 'விஸ்ட்ர்' கொண்டு கூப்பிட வேண்டும். வேர்டு ப்ராசஸரிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறிகளை எஞ்சினுக்கு அடையாளமே தெரியாது.

எல்லாம் சரியாக எழுதியும், படங்களின் நுணுக்கத்தைக் குறைக்கும் 'ஆர்_பிக்மிப்' மாறவில்லை என்பார்கள். கன்சோலில் கேட்டால் 'லாட்ச்டு' என்று புது எண்ணைக் காட்டும். வாங்கி வைத்திருக்கிறது, இன்னும் அமல்படுத்தவில்லை என்று பொருள். படம் சார்ந்தவற்றுக்கு 'விட்_ரீஸ்டார்ட்' தட்டினால் போதும். 'காம்_ஹங்க்மெக்ஸ்' போன்ற நினைவக அமைப்புக்கு ஆட்டத்தையே மூடித் திறக்க வேண்டும்.

நெட்வொர்க் அமைப்புகளுக்கு வந்தால் மறுபடி அந்த முழு எண் விவகாரம். 'சிஎல்_மேக்ஸ்பாக்கெட்ஸ்' 100 என்று எழுதிவிட்டு, சர்வருக்கு விநாடிக்கு நூறு பாக்கெட் (தரவுத் துணுக்கு) போகிறது என்று மகிழ்பவர்கள் ஏராளம். பாக்கெட் ஃபிரேமோடு சேர்ந்துதான் கிளம்பும். 125 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு 8 மில்லிசெகண்ட். 100 பாக்கெட்டுக்குக் குறைந்தது 10 மில்லிசெகண்ட் இடைவெளி வேண்டும். 8-ல் கிளம்ப முடியாது, 16 வரை காத்திருக்கும். விளைவு 62. 63 என்று எழுதினாலும் அதே 62. இயல்பான 30-ஐத் தொடாமல் விட்டால், 33 மில்லிசெகண்ட் கடந்து 40-ல்தான் கிளம்பும், 25 பாக்கெட் மட்டுமே போகும். மூல எஞ்சினின் உச்சவரம்பு 100. 2005-ல் மூல நிரல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வெளியான பின் உருவான ஐஓகுவேக்3-ல் 125 வரை போகலாம். அங்கேதான் ஃபிரேமுக்கு ஒரு பாக்கெட் கிடைக்கும்.

சர்வர் விநாடிக்கு எத்தனை முறை ஆட்ட நிலையை அனுப்ப வேண்டும் என்று கேட்கும் 'ஸ்நாப்ஸ்' 40 என்று எழுதுவதும் இதே ஏமாற்றம்தான். சர்வர் இயல்பாக விநாடிக்கு 20 முறைதான் கணக்குப் போடுகிறது. இல்லாததை எப்படி அனுப்பும்? திரையில் காட்டும் நேரத்தை முன்பின் தள்ளும் 'சிஎல்_டைம்நட்ஜ்' மைனஸ் 50 என்று எழுதினாலும் கடைசிப் பதிப்பில் மைனஸ் 30-ஓடு நிறுத்திவிடுவார்கள். இவற்றை விட்டுவிட்டு, சர்வரிலிருந்து வரும் தரவின் வேக வரம்பான 'ரேட்' எவ்வளவு என்று பாருங்கள். பழைய பதிப்பில் அது டயல்அப் மோடம் காலத்து 3000-லேயே கிடக்கும், விநாடிக்கு மூவாயிரம் பைட். 25000 ஆக்குங்கள்.

நன்றாக ஆடுபவரின் கான்ஃபிக்கை அப்படியே நகலெடுப்பது தனிக் கதை. நான் முதல்முறை செய்தபோது மவுஸை மேலே தள்ளினால் பார்வை தரைக்குப் போனது. ஸ்கோர்போர்டில் என் பெயரைக் காணோம், அவர் பெயர் இருந்தது. அவர், மவுஸின் மேல்கீழ் நகர்வுக்கான 'எம்_பிட்ச்' எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வைத்து ஆடுபவர். பெயர் அமைப்பும் அதே ஃபைலில்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முதல் வரியில் எல்லாக் கீ இணைப்புகளையும் அழிக்கும் 'அன்பைண்ட்ஆல்' வேறு இருந்ததால், என் பழைய கீகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மவுஸின் சென்சிட்டிவிட்டி எண்ணை மட்டும் எடுத்தாலும் பயனில்லை. மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி பெருக்கல் சென்சிட்டிவிட்டி அளவு திரும்பும். 5 என்றால் 0.11 டிகிரி, முழுச் சுற்றுக்குச் சுமார் 3273 எண்ணிக்கை. 400 டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்கு அனுப்பும் எண்ணிக்கை) மவுஸில் அது ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் நகர்வு. 1600 டிபிஐயில் 5 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரே 5, இரண்டு வேறு கைகள். அவருடைய எண்ணைக் கேட்காதீர்கள், ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். அதிலிருந்து உங்கள் மவுஸுக்கான எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அகலத் திரையில், பார்வைக் கோணத்தைக் குறிக்கும் 'சிஜி_ஃபாவ்' 90-லேயே இருந்தால் மூல ஆட்டம் மேலும் கீழும் வெட்டிவிடும், ஏனென்றால் அந்த 90 கிடைமட்டக் கோணம். பழைய 4:3 திரையில் பார்த்த அதே உயரம் 16:9 திரையில் வேண்டுமென்றால் 106 போடுங்கள். தசமம் 106.26 வரும், அதை விட்டுவிடலாம்.