டிஆஞ்சலோவின் 'வூடூ': கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க சோல் பாடகர் டிஆஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்தை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மனதில் எதுவும் ஒட்டவில்லை என்று விட்டுவிட்டீர்களா? நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் விட்டேன். கேட்ட விதத்திலேயே கோளாறு இருந்தது என்று பல மாதம் கழித்துத்தான் புரிந்தது.

முதல் தவறு, 1995இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'பிரவுன் சுகர்' மாதிரியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்காருவது. அதில் பாட்டுகள் சட்டென்று பிடிபடும், இரண்டாவது தடவையிலேயே நாமும் கூடவே முணுமுணுப்போம். 'வூடூ' வந்தது 2000 ஜனவரியில். நியூயார்க்கில் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் டிஆஞ்சலோவும் கூட்டாளிகளும் பழைய சோல், ஃபங்க் பாட்டுகளை, குறிப்பாக ப்ரின்ஸின் பாட்டுகளை, மணிக்கணக்கில் சேர்ந்து வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அந்த வாசிப்பிலிருந்துதான் பல பாட்டுகள் முளைத்தன. அதனால் பல்லவி எப்போது வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப வரும், அதற்குள் சின்னச் சின்னதாக ஏதோ மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, 'என்ன, தாளம் தப்புகிறதே' என்று நினைப்பது. எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். டிரம்ஸ் வாசித்த குவெஸ்ட்லவ் கடிகாரம் மாதிரி சீராக வாசிப்பதில் பேர் வாங்கியவர். அவரைத்தான் டிஆஞ்சலோ வேண்டுமென்றே பின்னுக்கு இழுத்து வாசிக்கச் சொன்னார். ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா டிரம் மெஷினில் செய்துகாட்டிய அந்தத் தள்ளாட்டத்தை மனிதக் கையால் கொண்டுவரும் முயற்சி அது. முதல் பாட்டு 'ப்ளேயா ப்ளேயா'வைத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த பிறகு, உங்கள் கை விழுந்து ஒரு நூலளவு கழித்துத்தான் பினோ பல்லடினோவின் பேஸ் வந்து உட்காரும். மூன்று நிமிடம் கை நிறுத்தாமல் போட்டால் போதும், உடம்பு அந்தத் தாமதத்துக்குப் பழகிவிடும், அப்புறம் மற்ற ஆல்பங்கள் அவசரப்படுகிற மாதிரி தோன்றும்!

போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காதீர்கள். பேஸ் போய்விட்டால் இதில் பாதி காணாமல் போகும். 'ஸ்பானிஷ் ஜாயின்ட்' பாட்டில் சார்லி ஹண்டர் எட்டுத் தந்தி கிட்டாரில் பேஸையும் கிட்டாரையும் ஒரே ஆளாக, ஒரே நேரத்தில் வாசிக்கிறார், சுமாரான ஹெட்போன் இருந்தாலே அது காதில் விழும்.

வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கூடவே படிப்பதும் வேண்டாம். டிஆஞ்சலோ தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து, வார்த்தைகளைக் கரைத்துத்தான் பாடியிருக்கிறார். முதலில் அதை ஒரு வாத்தியமாகக் கேளுங்கள், வார்த்தைகள் தானாக மேலே வரும்.

வீடியோவால் புகழ்பெற்ற 'அன்டைட்டில்டு' பாட்டை மட்டும் கேட்டுவிட்டு நகர்வதும், ஷஃபிளில் போடுவதும்தான் எனக்குப் பெரிய வருத்தம். 13 பாட்டு, ஏறக்குறைய 79 நிமிடம், ஒரே மூச்சில் முடியாதுதான். சரி, இரண்டு நாளாகப் பிரித்துக் கேளுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். 'அன்டைட்டில்டு' கடைசியில் குரல்கள் ஏறி ஏறி உச்சத்துக்குப் போகும், அப்படியே சட்டென்று அறுந்துபோகும். முதல் தடவை ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பதிவின்போது டேப் தீர்ந்துபோயிருக்கிறது, அதை அப்படியே வைத்துவிட்டார்கள். அந்த வெட்டுக்குப் பிறகு ஒரு நொடி அறை வெறிச்சென்று இருக்கும், அதற்கப்புறம்தான் 'ஆஃப்ரிகா' மெல்லத் தொடங்கும்.