ரிம் பிரேக் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் புதியவர்களுடன் சைக்கிளில் இறங்கும்போதெல்லாம், ரிம் பிரேக்கில் (சக்கர விளிம்பான ரிம்மை இருபுறமும் ரப்பர் கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் பிரேக்) தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைக் காண்கிறேன். கேபிள் தளர்வதும் திருகு கழல்வதும் லீவரைப் பிடித்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கட்டையை மட்டும் மாற்றிவிட்டு ரிம்மைப் பார்க்காமல் விடுவது

மழையில் ஓட்டிய பிறகு பிரேக் பிடிக்கையில் கரகரவென்று ஒலி வந்தால், பிரேக் கட்டையில் மணலோ ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்கோ பதிந்திருக்கக்கூடும். அது ஒவ்வொரு பிடியிலும் அரத்தைப் போல ரிம்மை ராவிக்கொண்டே இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, துணுக்கை ஊசிமுனையால் நெம்பி எடுத்துவிட்டு, கட்டையின் முகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

நான் ஒரு பருவமழைக் காலம் முழுவதும் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். பிறகு புதிய கட்டைகளை மாட்டினேன். மாட்டிக் கொடுத்த கடையிலும் ரிம்மை எவரும் தடவிப் பார்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து வீட்டு வாசலில் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, பின்சக்கர ரிம்மின் பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து டியூப் வெடித்தது. முந்தைய நாள்தான் அதே சக்கரத்தில் மலையிறங்கியிருந்தேன்.

கட்டை உரசித் தேய்க்கும் அதே சுவர்தான் டயரின் காற்றழுத்தத்தையும் தாங்குகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே ஒரு வரிப்பள்ளமோ சிறு குழியோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்துவிட்டது. அடையாளம் இல்லாத ரிம்மில், இரும்பு ஸ்கேலின் விளிம்பைச் சுவரின் மேல் நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் சுவர் குழிந்திருக்கிறது. "கட்டையை மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை" என்று எவரேனும் சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கட்டையின் விலை சிறிது. ரிம் போனாலோ ஸ்போக் கம்பிகளையெல்லாம் அவிழ்த்துச் சக்கரத்தையே மறுபடி கோக்க வேண்டும்.

கட்டையை ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துவிடுவது

டயரைத் தொடும் கட்டை அதன் பக்கத்தை அறுத்துவிடும். வி-பிரேக்கில் (ரிம்மின் இருபுறமும் நிற்கும் நீண்ட கைகளால் அழுத்தும் ரிம் பிரேக் வகை) கட்டை தேயத் தேய, அது படியும் இடம் கம்பிகளை நோக்கிக் கீழிறங்கும். கவனிக்காவிட்டால் கட்டையின் ஒரு பகுதி ரிம்மைத் தாண்டிப்போய், தேயாத விளிம்பு ஒன்று அதில் நின்றுவிடும். ஆகவே கட்டையின் நிலையைச் சரிசெய்ய, ஆலன் கீயை (அறுகோண முனைச் சாவியை) மாதம் ஒருமுறையாவது கையில் எடுங்கள்.

ரிம்மில் எண்ணெய் படுவது

ஒரு சொட்டும் ஆகாது.

சக்கரத்தை மாட்டியதும் நேரே கிளம்புவது

பஞ்சர் ஒட்டுவதற்காகத் திறந்துவிட்ட பிரேக்கைப் பூட்ட மறப்பது எளிது. நான்கடி தள்ளிக்கொண்டு நடந்து, இரண்டு லீவர்களையும் பிடித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.