காற்றாலையையும் அனல் நிலையத்தையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி

100 மெகாவாட் காற்றாலையும் 100 மெகாவாட் நிலக்கரி நிலையமும் சமம் என்று எழுதினால் கணக்கு முதல் வரியிலேயே தப்பு. மெகாவாட் என்பது திறன்தான். விற்பதும் வாங்குவதும் யூனிட், அதாவது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் வருவது; ஒரு மெகாவாட் ஒரு மணி ஓடினால் 1,000 யூனிட். ஆகவே முதலில் ஆண்டு யூனிட்டைப் போடுங்கள்: திறன் × 8,760 மணி × பி.எல்.எஃப் என்று தொழிலில் சொல்லும் பயன்பாட்டு விகிதம்.

காற்றாலைக்கு 30 சதவீதம் வைத்தால் 26.28 கோடி யூனிட். நிலக்கரி நிலையம் 70 சதவீதத்தில் ஓடினால் 61.32 கோடி. அதில் பம்பு, அரவை இயந்திரம், விசிறி என்று நிலையமே தின்பதற்கு 8 சதவீதம் கழித்தால் 56.4 கோடிதான் வெளியே வரும். பலர் இதைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். கழித்த பிறகும் ஈடுகட்ட ஏறக்குறைய 215 மெகாவாட் காற்றாலை வேண்டும். இந்தச் சதவீதங்கள் உதாரணத்துக்கு மட்டுமே.

உங்கள் இடத்துக்கான எண், காற்றை அளக்கும் கோபுரம் நட்டுக் குறைந்தது ஓராண்டு அளந்தால்தான் கிடைக்கும். 10 நிமிடச் சராசரிகளாகப் பதிவு செய்யுங்கள். ஆண்டுச் சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. பாதி நேரம் வினாடிக்கு 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் வேகம் என்றால் சராசரி 6; அதன் மும்மடி 216. உண்மையான சராசரியோ 64-க்கும் 512-க்கும் நடுவே, 288. உயரமும் அப்படித்தான். 10 மீட்டரில் வினாடிக்கு 5 மீட்டர் என்றால், திறந்த சமவெளியில் ஏழில் ஒரு பங்கு அடுக்கு விதிப்படி (உயர விகிதத்தின் 1/7 அடுக்கால் வேகத்தைப் பெருக்குவது) 80 மீட்டரில் சுமார் 6.7. மரமோ கட்டடமோ சூழ்ந்த இடத்தில் இந்த விதியை நம்ப வேண்டாம். இறக்கைகள் சுழலும் அச்சின் உயரத்திலேயே அளந்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கு சரியானாலும் மணிக் கணக்கு இடிக்கும். ஒவ்வொரு மணியின் தேவையிலிருந்தும் அந்த மணியின் காற்று மின்சாரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதை மற்ற நிலையங்கள் தர வேண்டும். அந்த வரைகோட்டில் மிகச் செங்குத்தாக ஏறும் இடத்தையும் மிகத் தாழ்ந்த புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலக்கரிக் கொதிகலனை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் எண்ணெய் விட்டுத்தான் சுடரைக் காப்பாற்ற முடியும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். புயலையும் மறக்காதீர்கள். வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தை ஒட்டிப் பல டர்பைன்கள் தாமாக நின்றுவிடும். முழு உற்பத்தியிலிருந்து நேரே பூஜ்யம்.

அடுத்து, காற்றாலை மின் கட்டமைப்போடு சேரும் இணைப்புப் புள்ளி. அங்குள்ள குறுக்குச்சுற்று அளவை (ஷார்ட் சர்க்யூட் ஆனால் கட்டமைப்பு எவ்வளவு தரும் என்பதை) எம்.வி.ஏ.வில், அதாவது மெகாவோல்ட்-ஆம்பியரில், கேட்டு வாங்கி, காற்றாலையின் மெகாவாட்டால் வகுங்கள். விடை 3-க்குக் கீழே போனால் அங்கே கட்டமைப்பு பலவீனம். காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் மின்னழுத்தமும் ஆடும். பழைய வகை இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள் ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல், காந்தப் புலத்துக்காக வந்து போகும் திறனை) கட்டமைப்பிலிருந்தே உறிஞ்சுவதால், அவற்றுக்குக் கெப்பாசிட்டர் வங்கி கட்டாயம்.

கடைசியாக நிலைமம். அனல் நிலையத்தின் கனமான சுழலி, கட்டமைப்பில் எங்காவது ஒரு மின் உற்பத்தி இயந்திரம் திடீரென நின்றால் தன் சுழற்சியிலிருந்தே ஆற்றலைக் கொடுத்து அதிர்வெண்ணைத் தாங்கும். 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் சுழலும் இயந்திரங்கள் சுழற்சியில் சேமித்த ஆற்றல் 50,000 மெகாவாட்-வினாடி, திடீரென நின்ற உற்பத்தி 500 மெகாவாட் என்று வையுங்கள். 500 × 50 ÷ (2 × 50,000) = வினாடிக்கு 0.25 ஹெர்ட்ஸ் வீழ்ச்சி. சேமிப்பு பாதியானால் 0.5. கன்வர்ட்டர் என்ற மின்னணு மாற்றி வழியாக இணையும் டர்பைனின் சுழலி தானாக இதில் சேராது. அதிர்வெண் விழும்போது கூடுதல் திறன் தரும் கட்டுப்பாடு வேண்டும் என்று கொள்முதல் ஆவணத்திலேயே எழுதி வாங்குங்கள்.