பழைய காருக்கு நீட்டிப்பு வாரண்டி: கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயன்படுத்திய கார் வாங்கும்போது நீட்டிப்பு வாரண்டி (தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்த பிறகும் பழுதுச் செலவை ஏற்க, தனியாகப் பணம் கொடுத்து வாங்கும் ஒப்பந்தம்) பற்றிய பேச்சு பெரும்பாலும் விலை பேசி முடித்து, காகிதங்களில் கையெழுத்திடும் கட்டத்தில்தான் எழுகிறது. காரின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாரண்டித் தொகை சிறிதாகத் தெரியும். கடன் தவணையில் சேர்த்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அந்த மேசையிலேயே சம்மதித்துவிடுவதுதான் முதல் தவறு. தவணையில் சேரும் தொகைக்கும் வட்டி உண்டு என்பதோடு, கடன் காலம் நீளமாக இருந்தால் வாரண்டி காலாவதியான பிறகும் அதற்கான பணத்தைக் கட்டிக்கொண்டிருக்க நேரும். ஒப்பந்தத்தின் முழு நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் நிதானமாகப் படித்த பின்பு முடிவெடுங்கள். நகலைத் தர மறுக்கும் இடத்தில் வாரண்டி வாங்காமல் இருப்பதே நல்லது.

தயாரிப்பாளரின் வாரண்டி இன்னும் மீதமிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. அந்த வாரண்டி, கார் முதன்முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து கணக்காகிறது. பல சமயங்களில் அடுத்த உரிமையாளருக்கும் தொடர்கிறது. வண்டியின் அடிச்சட்ட எண்ணை (சேஸிஸ் எண்) கொடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் விவரம் சொல்லிவிடுவார்கள். மின்சாரக் கார்களில் இது இன்னும் முக்கியம். மற்ற பாகங்களின் வாரண்டி முடிந்திருந்தாலும், பேட்டரிக்கு மட்டும் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பல தயாரிப்பாளர்கள் தனியாக வாரண்டி தருகிறார்கள். ஏற்கெனவே உள்ள பாதுகாப்புக்கு இரண்டாவது முறை பணம் கொடுக்கத் தேவையில்லை.

கிலோமீட்டர் வரம்பையும் இதே கவனத்துடன் படிக்க வேண்டும். 60,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு ‘2 ஆண்டுகள் அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை’ என்று எழுதியிருந்தால், அந்த 1,00,000 ஓடோமீட்டர் காட்டும் மொத்த அளவா, இனிமேல் ஓடப்போகும் தூரமா? மொத்த அளவு என்றால் மிஞ்சுவது 40,000 மட்டுமே. ஆண்டுக்கு 30,000 ஓட்டுபவருக்கு இரண்டு ஆண்டு வாரண்டி பதினாறு மாதங்களில் முடிந்துவிடும்.

பெரிய ஏமாற்றங்கள் எல்லாம் ‘முழுப் பாதுகாப்பு’ என்ற சொல்லை நம்புவதில்தான் தொடங்குகின்றன. இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் பாகங்கள் ஆகியவற்றை மட்டும் ஏற்கும் ஒப்பந்தங்கள் உண்டு. பட்டியலில் பெயர் உள்ள பாகங்களை மட்டும் ஏற்பவை உண்டு. விலக்குப் பட்டியலில் உள்ளவை தவிர மற்ற அனைத்தையும் ஏற்பவையும் உண்டு. மூன்றையும் விற்பவர் ஒரே சொல்லால் அழைக்கலாம். எந்த வகையாயினும் பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், வைப்பர், பெல்ட் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாகச் சேராது. இதன் விளைவு அந்தப் பாகத்தின் விலையோடு நிற்பதில்லை. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். வால்வு பட்டியலில் இருக்கிறதே என்று உரிமையாளர் சொல்வார். பழுதுக்குக் காரணம் பெல்ட், அது பட்டியலில் இல்லை என்று நிறுவனம் சொல்லும். ஆகவே ‘விளைவுச் சேதம்’, அதாவது ஒரு பாகம் பழுதானதால் மற்றொரு பாகத்துக்கு நேரும் சேதம், குறித்த பிரிவைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். என் கணிப்பில், முழு ஒப்பந்தத்திலும் அதிகப் பணம் அடங்கியிருக்கும் பிரிவு அதுவே.

வாரண்டி இருக்கிறது என்ற தைரியத்தில் மெக்கானிக்கிடம் காட்டாமல் காரை வாங்குவோர் உண்டு. வாங்கும்போதே இருந்த பழுதை ஒப்பந்தங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பலவற்றில் தொடக்கக் காத்திருப்புக் காலமும் உண்டு; அதற்குள் வரும் பழுதுக்குப் பணம் கிடைக்காது. சுயேச்சையான மெக்கானிக் ஒருவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, எண்ணெய்க் கசிவையும் கியர்பாக்ஸையும் பார்த்து, காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படித்துச் சொல்வதற்கு ஆகும் செலவு வாரண்டித் தொகையில் ஒரு சிறு பகுதிதான். அவருடைய எழுத்துப்பூர்வ அறிக்கை, பின்னாளில் ‘இது முன்பே இருந்த பழுது’ என்று மறுக்கப்படும்போது உங்கள் பக்கச் சான்றாகவும் நிற்கும்.

பணக் கணக்கில் மூன்று இடங்களில் கை சுடும். ஒவ்வொரு பழுதுக்கும் நாம் ஏற்க வேண்டிய பங்குத் தொகை, வண்டியை விடும் ஒவ்வொரு முறைக்குமா, ஒவ்வொரு பாகத்துக்குமா என்பது ஒன்று. மொத்த இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்பது மற்றொன்று. மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை: பழுதைக் கண்டுபிடிக்க இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பிறகு கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) நிராகரிக்கப்பட்டால், பிரித்த கூலியும் திரும்பக் கோர்க்கும் கூலியும் பொதுவாக உரிமையாளர் தலையில்தான் விழும்.

சர்வீஸ் பில்களைப் பத்திரப்படுத்தாமல் இருப்பது சிறிய அலட்சியமாகத் தோன்றினாலும், குறித்த இடைவெளியில் இன்ஜின் ஆயில் மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்ற ஒரே காரணம் இன்ஜின் கிளெய்மை மறுக்கப் போதுமானது. முன் அனுமதி பெறாமல் வேலையைத் தொடங்கினாலும் இதே கதிதான். வாரண்டி தருவது தயாரிப்பாளரா, டீலரா, மூன்றாவது நிறுவனமா என்பதையும், அந்த நிறுவனம் மூடப்பட்டால் பணம் கொடுக்க ஒரு காப்பீட்டு நிறுவனம் பின்னால் நிற்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வாங்கலாமா என்றால், அது காரையும் வாங்குபவரின் கையிருப்பையும் பொறுத்தது. எளிய இன்ஜினும் மலிவான உதிரிபாகங்களும் கொண்ட, சர்வீஸ் வரலாறு தெளிவாக உள்ள காருக்கு, அதே தொகையை வங்கியில் தனியாகப் போட்டு வைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். பழுது வராவிட்டால் பணம் நம்மிடமே இருக்கும். தானியங்கி கியர்பாக்ஸும் டர்போவும் ஏர் சஸ்பென்ஷனும் கொண்ட சொகுசுக் காரில், ஒரே பழுது குடும்ப பட்ஜெட்டைக் கவிழ்த்துவிடும் நிலையில் இருப்பவருக்கு, அந்தப் பாகங்கள் பெயர் சொல்லி ஏற்கப்பட்டிருந்தால் வாரண்டி பொருத்தமானதே. இடையில் காரை விற்க நேர்ந்தால் மீதிக் காலம் புதியவருக்கு மாறுமா, ரத்து செய்தால் விகிதப்படி பணம் திரும்புமா, அதற்கான கட்டணமும் கெடுவும் என்ன என்பவற்றையும் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.