மும்பை லோக்கலில் காசு கரையும் இடங்கள்

"ரயில் செலவு கட்டுப்படியாகவில்லை" என்ற புலம்பலை டோம்பிவிலியிலிருந்து தாராவி வரை நம்மவர்களிடம் கேட்கலாம். ஆனால் 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் ரயில்வே கட்டணத்தை உயர்த்தியபோது புறநகர் ரயிலையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய்தான். பணம் வேறு வழிகளில் போகிறது. பாதிக்கு மேல் நாமே திறந்துவிட்ட வழிகள்.

சீசன் கணக்கிலேயே தொடங்கலாம். ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுத்தால்தான் லாபம் என்று கைமாற்று வாங்கிக் கட்டுபவர்கள் உண்டு. மூன்று மாதச் சீசனுக்கு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4, ஆண்டுக்கு 10.8. மாதச் சீசன் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு 810. அதையே நான்கு முறை எடுத்தால் 3,240. ஆண்டுச் சீசனும் அதே 3,240! சலுகை முழுவதும் மூன்று மாதத்திலேயே கிடைத்துவிடுகிறது. வேலை மாறலாம், வாடகை வீடு மாறலாம்; வருடப் பணத்தை முடக்குவானேன்? மாதாமாதம் எடுப்பவர்தான் உண்மையில் நஷ்டப்படுகிறார்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவர், சீசன் தொகையை ஒருவழி டிக்கெட் விலையால் வகுத்துப் பார்க்க வேண்டும். வரும் எண்ணைவிடக் குறைவாகப் பயணம் செய்தால் சீசன் வேண்டாம்.

மே மாதப் புழுக்கத்தில் ஏசி சீசன் எடுத்துவிட்டு, நமக்குத் தோதான நேரத்தில் ஏசி வண்டியே இல்லை என்று பிறகு கண்டுபிடிப்பது இன்னொரு வழக்கம். கால அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து அந்தேரிக்குப் போகிறவர்கள் காட்கோபரில் இறங்கி மெட்ரோவுக்கு மாறுகிறார்கள். சீசன் அங்கே செல்லாது. மெட்ரோவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். தாதர் வழியாக அந்தேரி வரை ஒரே சீசன் எடுக்கலாம். நேரம் கூடும், தாதர் பாலத்தில் இடிபடவும் வேண்டும். எது மலிவு என்பது உங்கள் முழங்காலைப் பொறுத்தது.

எல்லாவற்றையும்விட வலிப்பது அபராதம். ஞாயிறன்று முடிந்த சீசனோடு திங்கள் காலை வண்டி ஏறுபவரைப் பரிசோதகர் பிடித்தால், டிக்கெட் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் சேரும். மழை நாளில் இரண்டாம் வகுப்புச் சீசனோடு முதல் வகுப்பில் ஒதுங்குபவருக்கும் அபராதம் உண்டு. சீசனை முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம். இருக்கிற நாட்கள் வீணாகாது. செல்போனில் எடுத்த சீசனைச் செயலியில்தான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் எடுபடாது. மாலை வண்டிக்குள் போன் அணைந்துவிடும் என்றால் கவுன்டரில் காகிதச் சீசனாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும்.